ஸ்டேஷனை ஒட்டிய பெரிய ஓட்டலுக்குக் கூடுதல் பணம் தரலாமா?

கேள்வி: மாமியாரின் 75ஆவது பிறந்தநாளுக்காக ஐந்து பேர் ரயிலில் ஒரு பெருநகரத்துக்குப் போகிறோம். நானும் கணவரும், இரண்டு பிள்ளைகளும், சக்கர நாற்காலியில் மாமியாரும். விடியற்காலை 5 மணிக்கு இறங்குகிறோம். இரண்டு இரவு தங்கி, மூன்றாம் நாள் இரவு 10 மணிக்குத் திரும்புகிறோம். ரயில் நிலையத்தை ஒட்டிய சொகுசு ஓட்டலில் 60 சதுர மீட்டரில் இரண்டு படுக்கையறை சூட் பார்த்திருக்கிறேன். "படுத்துத் தூங்க இவ்வளவு செலவா? 9 கிலோமீட்டர் தள்ளி நல்ல ஓட்டலில் இரண்டு அறை எடுப்போம்" என்கிறார் கணவர். அங்கே ஓர் அறை 22 சதுர மீட்டர். இதற்கென்றே இரண்டு வருடமாகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. பயணத்துக்கு இன்னும் மூன்று மாதம். எது சரி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சூட்டையே எடுங்கள். இந்தச் செலவுக்காகவே சேர்த்த பணம் இது. அவசரத் தேவைக்கு வைத்திருக்கும் பணத்தை உடைத்தோ, தவணையில் கடன் வாங்கியோ போவதாக எழுதியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். ஆனால் கணவர் கேட்பதும் நியாயமான கேள்வி. அவரோடு உட்கார்ந்து கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

நீங்கள் அனுப்பிய தொகைகளை, சூட்டின் ஓர் இரவு வாடகை 100 என்று வைத்து மாற்றியிருக்கிறேன். வரி எல்லாம் இதில் அடக்கம். தள்ளியிருக்கும் ஓட்டலில் இரண்டு அறைக்கும் சேர்த்து 80. இப்படிப் பார்த்தால் சூட் 25 சதவீதம் அதிகம். கணவர் கண்ணில் படுவது இந்த 25 சதவீதம்தான்.

ஆனால் நீங்கள் இறங்குவது விடியற்காலை 5 மணிக்கு. ஓட்டல்களில் அறை கையில் கிடைப்பது பொதுவாகப் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கு மேல்தான். முன்கூட்டியே அறை வேண்டுமென்றால் இரண்டு இடத்திலும் அரை நாள் வாடகை. கடைசி நாள் மாலை வரை இருக்கவும் அதேபோல் அரை நாள். ஆக, சூட்டுக்கு 200, அதோடு 50, 50: மொத்தம் 300. மற்ற ஓட்டலுக்கு 160, அதோடு 40, 40: மொத்தம் 240. ஐந்து பேரும் பெட்டிகளும் சக்கர நாற்காலியும் ஒரே காரில் ஏறாது. போக ஒரு தடவை, வர ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு கார். அதற்கு 16. சூட் வாடகையில் காலை உணவு சேர்ந்திருக்கிறது, அங்கே இல்லை. ஐந்து பேருக்கு இரண்டு காலை, 20. கூட்டினால் 276. இப்போது வித்தியாசம் 24, அதாவது 9 சதவீதத்துக்கும் குறைவு. விடியற்காலை வருகைக்கு இரண்டு ஓட்டலும் முழு இரவு வாடகையே கேட்டாலும் 350க்கு 316; வித்தியாசம் 11 சதவீதத்தைத் தாண்டாது.

இடத்தையும் கணக்கில் சேருங்கள். சூட்டில் ஒரு சதுர மீட்டருக்கு ஓர் இரவுக்கு 1.67 விழுகிறது, அந்த இரண்டு அறைகளில் 1.82. பெரிய இடம்தான் மீட்டர் கணக்கில் மலிவு. ஓட்டல் அறைகளின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஓர் ஓட்டலின் டீலக்ஸ் இன்னோர் ஓட்டலின் சாதாரண அறையைவிடச் சின்னதாக இருக்கும். பரப்பளவைக் கேளுங்கள், அதில் குளியலறையும் சேர்த்தியா என்றும் கேளுங்கள்.

என் அம்மாவை ஒருமுறை இப்படித்தான் கூட்டிப் போனேன். அறை மலிவு என்று பெருமைப்பட்டுக்கொண்டே பதிவு செய்திருந்தேன். விடியற்காலை போய்ச் சேர்ந்தால் அறை இல்லை. பிற்பகல் 2 மணி வரை லாபி நாற்காலியில் தலை சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அறை கிடைத்த பிறகு பார்த்தால், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பெட்டியைத் திறந்து வைத்தால் தாண்டிப் போக வழியில்லை. ராத்திரி பாத்ரூம் போக அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் மிச்சம் பிடித்த தொகை எவ்வளவு என்பது மறந்தே போய்விட்டது.

சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப ஏறத்தாழ 1.5 மீட்டர் விட்டமுள்ள காலி இடம் வேண்டும். அறை 60 சதுர மீட்டர் இருந்தும் குளியலறைக் கதவு குறுகலாக இருந்தால் பயனில்லை. கதவைத் திறந்து வைத்தால் கிடைக்கும் இடைவெளி எத்தனை சென்டிமீட்டர், வாசலில் படி இருக்கிறதா, குளிக்கும் இடம் தரைமட்டமா, பிடிமானக் கம்பி உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். மாமியாரின் நாற்காலியை இன்றே அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் நிலையத்து ஓட்டல்களில் இன்னொரு விஷயம்: பல கட்டடங்கள் பழமையானவை. லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தின் ஓட்டல் 1873இல் திறந்து, 1935இல் மூடி, 2011இல் மறுபடி திறந்தது. அங்கே பழைய கட்டடத்திலும் அறைகள் உண்டு, பின்னால் சேர்த்த பகுதியிலும் உண்டு. டோக்கியோ நிலையக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் ஓட்டல் 1915இல் தொடங்கியது. இந்த மாதிரி இடங்களில் ஒரே ஓட்டலுக்குள் அறைக்கு அறை அளவு மாறும். உங்கள் சூட் எந்தப் பகுதியில், எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று கேளுங்கள். தண்டவாளத்துப் பக்கம் என்றால் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் இருக்க வேண்டும்.

அப்புறம், "ஒட்டி" என்பது எந்த வாசலை ஒட்டி? பெரிய நிலையங்களுக்கு இரண்டு பக்கமும் வாசல் இருக்கும். வரைபடத்தில் 300 மீட்டர் என்று தெரிவது, நடுவில் படிக்கட்டுப் பாலம் வந்தால் சக்கர நாற்காலிக்கு எட்டாத தூரம். லிஃப்ட் எந்த வாசலில் என்று கேட்டுவிடுங்கள்.

பணம் கட்டும் விதத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரத்து செய்தால் பணம் திரும்பாத வாடகை 85, திரும்பக் கிடைக்கும் வாடகை 100 என்று வைத்துக்கொள்வோம். பயணம் நின்றுபோகும் வாய்ப்பு நூற்றுக்கு 15ஐவிடக் குறைவு என்று நிச்சயமாகச் சொல்ல முடிந்தால்தான் முதலாவது லாபம். 75 வயதுப் பெரியவரை வைத்துக்கொண்டு, மூன்று மாதம் முன்பே அப்படிச் சொல்ல முடியாது. திரும்பக் கிடைக்கும் வாடகையில் பதிவு செய்யுங்கள். இடையில் விலை இறங்கினால், அதை ரத்து செய்து புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். கடைசித் தேதியை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

வாடகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அர்த்தம். இரண்டும் பத்துப் பத்து சதவீதம் என்றால் 100 என்பது 120 அல்ல, 121 ஆகும். சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்து வரி போடுவது வழக்கம். உங்கள் தொகையில் வரி அடக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. சேவைக் கட்டணமும் அடக்கமா என்று ஒருமுறை உறுதி செய்யுங்கள்.

உள்ளே நுழையும்போது கார்டில் ஒரு தொகையை முன்பணமாக நிறுத்தி வைப்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் உங்கள் கணக்கிலுள்ள பணமே முடங்கும். அறையைக் காலி செய்த பிறகும் அது விடுபடச் சில நாள் ஆகலாம். கிரெடிட் கார்டைக் கொடுங்கள், பில் வந்ததும் சேர்த்த பணத்திலிருந்து முழுதாகக் கட்டிவிடுங்கள்.