ஒன்றைத் திருத்தினால் எல்லாம் மாறுவது ஏன்?

கேள்வி: எங்கள் கோயில் இணையத்தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்குகிறது. வார பூஜை அறிவிப்புக்கு ஒரு பேட்டர்ன் (பல பதிவுகளில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வார்ப்பு) செய்து வைத்தேன். இந்த வாரத் தேதியை மாற்றினால் பழைய அறிவிப்புகளிலும் அதே தேதி வந்து உட்கார்ந்துகொள்கிறது!
– வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: பேட்டர்ன் உருவாக்கும்போது ‘சிங்க்ட்’ (எல்லா இடத்திலும் ஒன்றாக மாறுவது) என்ற பொத்தான் தானாகவே இயக்கத்தில் இருக்கும். அப்படியே விட்டால் பதிவுக்குள் வாசகம் சேமிக்கப்படாது. மூலப் பேட்டர்னின் எண் மட்டுமே இருக்கும். மூலம் மாறினால் எல்லாம் மாறத்தானே செய்யும்.

பழைய தேதிகள் தொலைந்துவிடவில்லை. ஆனால் பதிவின் ‘ரிவிஷன்’களில் (சேமிக்கப்பட்ட முந்தைய வடிவங்களில்) தேடிப் பயனில்லை. பேட்டர்னைத் தேர்ந்து ‘எடிட் ஒரிஜினல்’ அழுத்தி, அதன் ரிவிஷன்களைப் பாருங்கள். வாசகத்தை நகலெடுங்கள், பழைய வடிவத்தை மீட்கும் ‘ரிஸ்டோர்’ மட்டும் வேண்டாம், மறுபடி எல்லாப் பக்கமும் மாறும். பிறகு ஒவ்வொரு பழைய பதிவிலும் மூன்று புள்ளி மெனுவில் ‘டிடாச்’ கொடுத்து, மூலத்திலிருந்து பிரித்து, சரியான தேதியை இடுங்கள். மூலத்தை அவசரப்பட்டு அழித்தால், டிடாச் செய்யாத இடமெல்லாம் வெறுமையாகும்.

இனி, டிடாச் செய்த பிளாக்குகளை (பத்தி, படம் போன்ற பகுதிகளை) தேர்ந்து, சிங்க்டை அணைத்துவிட்டுப் புதுப் பேட்டர்னாகச் சேமியுங்கள். வார அறிவிப்புக்கு அதுவே போதும்.

வடிவம் எங்கும் ஒன்றாக மாறவேண்டும், தேதி மட்டும் தனித்தனியே என்றால், வேர்ட்பிரஸ் 6.6 பதிப்பு முதல் வழியுண்டு. மூலத்தில் தேதிப் பத்தியைத் தேர்ந்து, ‘அட்வான்ஸ்ட்’ பகுதியில் ‘எனேபிள் ஓவர்ரைட்ஸ்’ (அந்தப் பகுதியை மட்டும் பதிவுதோறும் தனியே மாற்றும் அனுமதி) அழுத்தி, அதற்கொரு பெயர் கொடுங்கள். தலைப்பு, பத்தி, படம், பட்டன் ஆகியவற்றுக்கு இது வேலை செய்யும்.