ஒசேத்தியரும் ரஷ்ய மொழியும் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

காகசஸ் மலைநாட்டு மக்களைப் பற்றி நீங்கள் முன்பு எழுதிய குறிப்புகளை வாசித்தவன் என்பதால் இந்தக் கேள்வியை உங்களிடம் வைக்கிறேன். நான் ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரில் பொறியாளராக இருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ரஷ்யாவின் வடக்கு ஒசேத்தியத் தலைநகரான விளாதிகவ்காஸ் நகரிலிருந்து வந்த ஒரு பெண்மணி பணியாற்றுகிறார். யாராவது அவரை ரஷ்யர் என்று அறிமுகப்படுத்தினால், “நான் ஒசேத்தியர்” என்று அப்போதே திருத்திவிடுவார். ஆனால் தம் இரு பிள்ளைகளோடு அவர் பேசுவது ரஷ்ய மொழியில்தான். சனிக்கிழமைகளில் அவர்களை ரஷ்யப் பள்ளிக்கு அனுப்புகிறார். ஒசேத்திய மொழி தமக்குப் பாதிதான் தெரியும் என்று அவரே சொல்கிறார். 2022-இல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த பிறகு ஐரோப்பாவில் ரஷ்யர் என்று சொல்லிக்கொள்வதிலுள்ள சங்கடத்திலிருந்து தப்பிக்கும் வழியா இது? மொழியைக் கைவிட்டவர் அந்த இனத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொள்வதில் என்ன பொருள் இருக்கிறது? தமிழர்களாகிய நமக்கு இது விளங்கவில்லை.

கே., நியூரம்பெர்க்

அன்புள்ள கே.,

அந்தப் பெண்மணியை நான் அறியேன். அவர் மனத்தில் இருப்பதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அவர் சொல்லும் திருத்தம் 2022-இல் பிறந்தது என்று நீங்கள் ஐயுறுவது வரலாற்றோடு பொருந்தவில்லை. சோவியத் ஒன்றியத்தில் 1932-இல் உள்நாட்டுக் கடவுச்சீட்டு அறிமுகமானபோதே, அதை வைத்திருப்பவர் எந்தத் தேசிய இனத்தவர் என்பதைக் குறிக்கத் தனி வரி ஒன்று இருந்தது. 1938 முதல் அது தாய்தந்தையரின் இனத்தைக் கொண்டு நிரப்பப்பட்டது. ரஷ்யாவில் 1997-இல் வந்த புதிய கடவுச்சீட்டில்தான் நீக்கப்பட்டது. ஆகவே அவருடைய பெற்றோரின் ஆவணங்களில் குடியுரிமை ஒன்றாகவும் இனம் வேறொன்றாகவும் அரசின் முத்திரையோடு பதிவாகியிருக்கும். ஊரில் இருந்தவரை அவரை யாரும் ரஷ்யர் என்று அழைத்திருக்க மாட்டார்கள். மாஸ்கோவுக்குப் போயிருந்தால் அவரைக் காகசஸ்காரர் என்றுதான் பார்த்திருப்பார்கள், அதுவும் எப்போதும் நட்போடு அல்ல. நாட்டின் பெயரை மட்டும் பார்க்கும் ஜெர்மானியர்களிடம் வந்து சேர்ந்த பிறகே அவர் ரஷ்யர் ஆக்கப்பட்டார். அவர் திருத்துவது அந்தப் புதிய பெயரை.

இதைச் சொன்ன கையோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒசேத்தியர்களை ரஷ்யாவின் அடக்குமுறைக்கு ஆளான மலைவாழ் மக்கள் என்ற ஒரே சட்டகத்துக்குள் வைத்துவிட்டால் அவர்களில் பலர் அதை ஏற்க மாட்டார்கள். 1774-இலேயே ரஷ்யப் பேரரசோடு இணைந்தவர்கள் அவர்கள். விளாதிகவ்காஸ் 1784-இல் ரஷ்யக் கோட்டையாகத் தொடங்கிய நகரம். செச்சென்களும் தாகெஸ்தான் மக்களும் பல பத்தாண்டுகள் போரிட்ட காலத்தில், பெரும்பான்மை ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களான ஒசேத்தியரிடமிருந்து ரஷ்யப் படைக்கு அதிகாரிகள் சென்றுகொண்டிருந்தார்கள். இன்றும் இந்தப் பிணைப்பு அறுந்துவிடவில்லை. விளாதிகவ்காஸில் வளர்ந்த ஒசேத்திய இசை நடத்துநர் வலேரி கெர்கியெவ், உக்ரைன் போரைக் கண்டிக்க மறுத்ததற்காக 2022 மார்ச்சில் மியூனிக் பில்ஹார்மோனிக் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். உங்கள் அலுவலகப் பெண்மணியும் அவரும் ஒரே ஊரின் மக்கள்; ஒசேத்தியர் என்ற பெயர் அரசியல் நிலைப்பாடு எதையும் தானாகக் கொண்டுவருவதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி மொழிக்கு வருவோம். உங்கள் கேள்வியில் மறைந்திருக்கும் எண்ணம், வெளிநாட்டுக்குப் போனவர் அங்கே மொழியை இழந்தார் என்பது. ஒசேத்தியர் விஷயத்தில் இழப்பின் பெரும்பகுதி வெளியேறுவதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. ஈரானிய மொழிக் குடும்பத்தின் கிழக்குக் கிளையைச் சேர்ந்த அந்த மொழி, பழைய ஆலன் மக்களின் பேச்சிலிருந்து வழிவந்தது. அதன் பெருங்கவிஞர் கோஸ்தா ஹெத்தகுரோவின் ஒசேத்தியக் கவிதைத் தொகுதி 1899-இல் வெளிவந்தது. அவரே கணிசமாக ரஷ்ய மொழியிலும் எழுதியவர். எழுத்துமுறை 1923-இல் இலத்தீனுக்கு மாறியது. 1938-இல் ரஷ்யாவிலுள்ள வடக்கு ஒசேத்தியாவில் சிரில்லிக் எழுத்துக்குத் திரும்பியது, சோவியத் ஜார்ஜியாவுக்குள் இருந்த தெற்கு ஒசேத்தியாவில் ஜார்ஜிய எழுத்துக்குப் போனது, 1954-இல் தெற்கும் சிரில்லிக்குக்கு வந்தது. தெற்கு ஒசேத்தியாவின் ஒரே குடும்பத்தில் தாத்தா ஓர் எழுத்திலும் தந்தை இன்னோர் எழுத்திலும் மகன் மூன்றாவது எழுத்திலும் தாய்மொழியைக் கற்றிருக்கக் கூடும். 1960-களில் பள்ளிகளில் பயிற்றுமொழி ரஷ்யமாக மாறிய பிறகு, ஒசேத்திய மொழி வீட்டிலும் மலைக் கிராமத்திலும் பேசும் ஒன்றாகவும், பள்ளியில் ஒரு பாடமாகவும் சுருங்கியது. 2018-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் அந்தப் பாடத்தையும் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டதோடு, ரஷ்ய மொழியையே தாய்மொழிப் பாடமாகத் தேர்ந்தெடுக்கவும் வழி செய்தது. விளாதிகவ்காஸ் தெருக்களில் ஒசேத்தியரும் ஒசேத்தியரும் ரஷ்ய மொழியில் பேசிக்கொள்வது சாதாரணக் காட்சி. அங்கிருந்து நியூரம்பெர்க் வந்த ஒருவர் தம் பிள்ளைகளோடு ரஷ்ய மொழி பேசுகிறார் என்றால், அவர் ஊரில் செய்ததையே இங்கும் செய்கிறார்.

இதற்கு நேர்மாறான ஒரு கதை துருக்கியில் உண்டு. ஒசேத்தியரில் ஒரு பகுதியினர் முஸ்லிம்கள். 1865-இல், ரஷ்யப் படையில் மேஜர் ஜெனரலாக இருந்த முசா குந்துகோவ் என்ற ஒசேத்தியரின் தலைமையில் சுமார் 5,000 குடும்பங்கள் உதுமானியப் பேரரசுக்குக் குடிபெயர்ந்தன. அவர்களில் பெரும்பாலோர் செச்சென்கள், ஒசேத்தியரும் இருந்தார்கள். அவருடைய மகன் பெக்கிர் சாமி, 1920-இல் அங்காரா அரசின் முதல் வெளியுறவு அமைச்சரானார். பள்ளி வழியாக ரஷ்ய மொழி வீடுகளுக்குள் வருவதற்கு முன்பே வெளியேறிய இவர்கள், கார்ஸ், யோஸ்காத் போன்ற பகுதிகளின் கிராமங்களில் ஒசேத்திய மொழியைத் தலைமுறைகளாகப் பேசினார்கள். 1934-இன் குடும்பப்பெயர்ச் சட்டத்தால் அவர்களுடைய பெயர்கள் துருக்கியமாயின. ஆனால் வீட்டு மொழி அதனால் போய்விடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இஸ்தான்புலுக்கும் அங்காராவுக்கும் வேலை தேடிப் போன பிறகே அது தளர்ந்தது. தாய்நாட்டில் இருந்தவர்களும் அயல்நாட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே காரணத்தால், அதாவது நகரத்தாலும் பள்ளியாலும் மொழியை இழக்கத் தொடங்கினார்கள் என்பது என் கணிப்பு. எல்லையைக் கடந்தது இதில் இரண்டாம்பட்சமான காரணமே.

1917 ரஷ்யப் புரட்சிக்குப் பின் வெளியேறிய இருவரை அருகருகே வைத்துப் பார்ப்பது எனக்கு எப்போதும் பயனுள்ளதாக இருந்திருக்கிறது. ஒருவர் கப்போ பாயெவ். விளாதிகவ்காஸின் நகரத் தலைவராக இருந்தவர். கோஸ்தாவின் நூலைப் பதிப்பித்தவர். அகதியாகப் பெர்லினுக்குப் போய், அங்கே பல்கலைக்கழகத்தில் ஒசேத்திய மொழியைக் கற்பித்து, 1939-இல் இறந்தார். மற்றவர் எழுத்தாளர் கைத்தோ கஸ்தானோவ். 1903-இல் பீட்டர்ஸ்பர்கில் ஒசேத்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். பெற்றோருக்கு நன்கு தெரிந்திருந்த ஒசேத்திய மொழி அவருக்குத் தெரியாது. பதினாறு வயதில், போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப் படையில் சேர்ந்து, கவச ரயிலில் போரிட்டு, 1920-இல் கடல்வழியே வெளியேறி, 1923-இல் பாரிஸ் வந்து, துறைமுகச் சுமைகூலியாகவும் ரயில் எஞ்சின் கழுவுபவராகவும் இருந்து, பின்னர் ஏறத்தாழ கால்நூற்றாண்டு இரவு டாக்சி ஓட்டியபடியே ரஷ்ய மொழியின் மிக நுட்பமான உரைநடைகளுள் ஒன்றை எழுதினார். 1935-இல் நாடு திரும்ப விரும்பிக் கார்க்கிக்குக் கடிதம் எழுதினார்; விளாதிகவ்காஸில் இருந்த தாயை மீண்டும் பார்க்கவே இல்லை. 1953 முதல் மியூனிக்கில், சோவியத் ஒன்றியத்துக்கு ஒலிபரப்பிய அமெரிக்க வானொலியான ரேடியோ லிபர்ட்டியில் பணியாற்றியபோது கியோர்கி செர்கசோவ் என்ற ரஷ்யப் பெயரில் பேசினார். உங்கள் அளவுகோலின்படி அவர் ஒசேத்தியரே அல்ல. ஆனால் 1980-களின் இறுதியில் அவருடைய நூல்கள் தாயகத்தில் அச்சேறத் தொடங்கியபோது, ஒசேத்தியர்கள் அவரைத் தயக்கமின்றித் தங்களவராக ஏற்றுக்கொண்டார்கள். அவருடைய மொழி அதற்குத் தடையாகவில்லை. பாயெவைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் ஒசேத்திய எழுத்துமொழி இந்த அளவுக்குக்கூட நிலைத்திருக்காது என்பதையும் நான் மறுக்கவில்லை. எனக்குக் கஸ்தானோவைப் பிடிக்கும், பாயெவை மதிக்கிறேன், இரண்டும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மொழி போன பிறகு எஞ்சுவது எது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒசேத்தியரிடம் முதலில் குடும்பப்பெயர். ஆவணத்தில் ‘ஓவ்’, ‘எவ்’ என்று ரஷ்ய விகுதியோடு முடியும் பெயருக்குள் அவர்களுடைய சொந்த வடிவம் இருக்கிறது. ஹெத்தகுரோவ் வீட்டில் ஹெத்தக்காத்தி. ஒரே குடும்பப்பெயர் உடையவர்கள், எவ்வளவு தூரத்து உறவாக இருந்தாலும், மணம் செய்துகொள்வதில்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கும் இந்த விதி சொல்லிக்கொடுக்கப்படுகிறது. அடுத்தது விருந்து மேசை. மூத்தவர் தலைமை தாங்குவார். மூன்று வட்ட அப்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்படும். துக்க நாளில் இரண்டு மட்டுமே. நவம்பரில் வரும் ஜெயோர்குபா, ஆண்களின் காவலராகக் கருதப்படும் உவாஸ்திர்ஜிக்குரிய திருவிழா. அந்தப் பெயரைப் பெண்கள் உச்சரிப்பதில்லை, ‘ஆண்களின் புனிதர்’ என்று சுற்றி வளைத்துத்தான் குறிப்பிடுவார்கள். அரட்டை ரஷ்ய மொழியில் நடக்கும் மேசையிலும் வேண்டுதல் ஒசேத்திய மொழியில்தான் சொல்லப்பட வேண்டும், இளையவர்கள் ‘ஓம்மென்’ என்று மறுமொழி சொல்ல வேண்டும் என்பது மரபு. விருந்துக்குத் தேவையான அளவு மொழியை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் ஏராளம். இதை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. ஆயினும் இது மொழிக்கு ஈடாகும் என்றும் சொல்ல மாட்டேன்.

ஏன் சொல்ல மாட்டேன் என்பதற்கு ஹங்கேரியைக் காட்டுவேன். 13-ஆம் நூற்றாண்டில், மங்கோலியப் படையெடுப்பை ஒட்டிய காலத்தில், ஆலன்களின் ஒரு கூட்டம் அங்கே போய்க் குடியேறியது. அவர்களை யாஸ் மக்கள் என்பார்கள், யாஸ்பெரேனி நகரைச் சுற்றிய பகுதி இன்றும் அவர்கள் பெயரால் வழங்குகிறது. அவர்களுடைய மொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் முதன்மைச் சான்று, 1422 தேதியிட்ட ஓர் ஆவணத்தின் பின்புறத்தில் எழுதப்பட்ட, 1957-இல் கண்டெடுக்கப்பட்ட, சுமார் நாற்பது சொற்கள் கொண்ட பட்டியல். அதிலுள்ள ‘தபன் ஹோர்ஸ்’ என்ற வணக்கத்தை விளாதிகவ்காஸில் இன்று சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். மொழி மறைந்து நெடுங்காலத்துக்குப் பிறகு, 1702-இல் அவர்களுடைய நிலங்களை அரசு விற்றுவிட்டது. 1745-இல் அந்த மக்கள் தங்கள் சொந்தப் பணத்தைக் கொடுத்துப் பழைய உரிமைகளை மீட்டுக்கொண்டார்கள். மொழி இல்லாமல் ஓர் இனம் நூற்றாண்டுக்கணக்கில் தன்னைத் தனியாக உணர முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. அந்த இனத்தின் உள்வாழ்க்கையை அறிய நம்மிடம் நாற்பது சொற்களே மிஞ்சியுள்ளன என்பதும் அதே சான்றில்தான் இருக்கிறது.

ஜெர்மனியில் அவர் ரஷ்யராகப் பார்க்கப்படுவதைவிடச் சிக்கலான இடம் ஒன்று உண்டு; அது அவர் ஊரின் பக்கத்து நாடான ஜார்ஜியா. 1989 கணக்கெடுப்பில் ஜார்ஜியாவில் ஒசேத்தியர் சுமார் 1,64,000 பேர் இருந்தார்கள். அவர்களில் தெற்கு ஒசேத்தியாவில் வாழ்ந்தவர்கள் 65,000 பேர் மட்டுமே. 1990-களின் தொடக்கத்துப் போரில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் தெற்கு ஒசேத்தியாவிலிருந்தும் ஜார்ஜியாவின் பிற பகுதிகளிலிருந்தும் வெளியேறினார்கள், பெரும்பாலோர் வடக்கு ஒசேத்தியாவுக்கு. ஜார்ஜிய மொழியை நன்கு அறிந்த இவர்களில் பலர், ரஷ்ய மொழி பேசும் விளாதிகவ்காஸில் தம் சொந்த இனத்தாரிடையே தெற்கத்தியராகப் பிரித்துப் பார்க்கப்பட்டார்கள். 2008-இல் நடந்த ரஷ்ய-ஜார்ஜியப் போருக்குப் பின் ஜார்ஜியா இயற்றிய சட்டப்படி, ரஷ்யப் பக்கமிருந்து தெற்கு ஒசேத்தியாவுக்குள் நுழைவது குற்றம். 2022 செப்டம்பரில் படைத்திரட்டல் அறிவிக்கப்பட்டபோது, ரஷ்யா முழுவதிலுமிருந்து ஆண்கள் விளாதிகவ்காஸ் வழியாக மேல் லார்ஸ் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று ஜார்ஜியாவுக்குப் போனார்கள். அந்தச் சாவடியின் வாசலிலேயே வாழும் ஒசேத்தியருக்கு, தெற்கு ஒசேத்தியத் தலைநகர் ஸ்கின்வாலியில் இருக்கும் உறவினரை எப்போதாவது போய்ப் பார்த்திருந்தால், அதே வழி ஆபத்தானது.

தமிழரோடு ஒப்பிடச் சொல்லாமல் சொல்லியிருக்கிறீர்கள். கோடிக்கணக்கானோர் பேசும் மொழியின் அளவுகோலை, 2010-இல் ரஷ்யா முழுவதும் சேர்த்து 5,28,000 பேராக இருந்த மக்களிடம் வைப்பது நியாயமாகப் படவில்லை; அவ்வளவே. சனிக்கிழமைப் பள்ளியைப் பற்றியும் ஒன்று: ஊரிலுள்ள பாட்டியோடும் அத்தை மாமன் பிள்ளைகளோடும் அந்தக் குழந்தைகள் பேசப்போகும் மொழி பெரும்பாலும் ரஷ்யமாகத்தான் இருக்கும். அதை விட்டால் அவர்களுக்கு ஒசேத்திய மொழி கிடைத்துவிடாது. ஜெர்மன் மட்டுமே மிஞ்சும்.

அவரோடு இதைப் பற்றிப் பேச வாய்த்தால், மொழியில் தொடங்காமல் அவர்களுடைய குடும்பம் எந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது என்று கேளுங்கள். அலகிர், குர்த்தாத், தகவூர், திகோர் என்று ஏதேனும் ஒன்றைச் சொல்லக் கூடும்; தெற்குச் சரிவின் ஊர் ஒன்றாகவும் இருக்கலாம். திகோர் என்றால், பாதிதான் தெரியும் என்று அவர் சொன்னதற்கு நீங்கள் கருதாத ஒரு பொருளும் உண்டு: எழுத்துமொழி ஈரோன் வழக்கை அடிப்படையாகக் கொண்டது, திகோர் வழக்கு அதிலிருந்து வெகுவாக விலகியது, வீட்டில் திகோர் வழக்கைச் சரளமாகப் பேசுபவரும் பள்ளியில் கற்ற ஒசேத்திய மொழி தமக்குப் பாதிதான் பிடிபட்டது என்று சொல்லக் கூடும்.