கித்தானும் கான்வாஸும்

அன்புள்ள ஐயா,

ஓவியம் பற்றிய கட்டுரையில் கான்வாஸைக் 'கித்தான்' என்று எழுதியிருந்தீர்கள். கித்தான் என்பது கூடாரத்துக்கும் பைக்கும் ஆகும் முரட்டுத்துணி அல்லவா? ஓவியர்கள் வரைவதும் அதில்தானா? அது பருத்தியா, நாரா? என்னிடமுள்ள கித்தான் துண்டில் எண்ணெய் வண்ணத்தால் வரையலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டும் ஒரே குலத்துத் துணிகள் என்பதால்தான் அச்சொல்லை எழுதினேன். கான்வாஸ் என்பது இன்று இழையைக் குறிக்கும் பெயர் அன்று. பாவும் (நீளவாட்டு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) ஒன்றுவிட்டு ஒன்றாக மேலும் கீழும் செல்லும் எளிய நெசவைத் தடித்த நூலில் நெருக்கி நெய்தால் அது கான்வாஸ். பருத்தி நூலையே சாய்வரி விழும்படி நெய்தால் டெனிம் போன்ற துணி. பெயர் மட்டும் இழையிலிருந்து வந்தது. கஞ்சாச் செடியைக் குறிக்கும் 'கன்னபிஸ்' என்னும் லத்தீன் சொல்லே அதன் வேர். அச்செடியின் தண்டு நாரில் நெய்த துணி நெடுங்காலம் கப்பல்களின் பாயாக இருந்தது. ஆளிநாரும் பருத்தியும் அதன் இடத்தைப் பிடித்த பின்னும் பெயர் மாறவில்லை. 'டக்' எனப்படும் கனத்த வகையின் பெயருக்கும் வாத்துக்கும் தொடர்பில்லை. துணி என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது அது.

கூடாரத்துக்கு இது ஏற்றதாவதற்குக் காரணம், நனைந்த பருத்தி இழைகள் உப்பி இடைவெளிகளைத் தாமே அடைத்துக்கொள்வதுதான்.

ஓவியத்துக்கு வந்தால், 16ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகர ஓவியர்கள் மரப்பலகையை விட்டுப் பெருமளவில் இத்துணிக்கு மாறினார்கள். கடல் ஈரத்தில் சுவரோவியம் நிலைக்காத அந்தத் துறைமுகத்தில், பாய்த்துணிக்குப் பஞ்சமில்லை. அதன் பிறகு ஓவியர்கள் பெரிதும் விரும்பியது ஆளிநார்த் துணியை. என்னை எப்போதும் வியப்பில் ஆழ்த்தும் செய்தி ஒன்று இங்கே உண்டு. எண்ணெய் வண்ணத்தைக் குழைக்கும் எண்ணெய் அதே ஆளிச்செடியின் விதையிலிருந்து வருகிறது. ஆயினும் அந்த எண்ணெய் நேரடியாக ஊறினால், உலரும்போது உண்டாகும் அமிலங்களால் துணி நாளடைவில் மக்கி, தொட்டாலே ஒடியும் நிலைக்கு வந்துவிடும். ஒரே செடியின் விதையையும் நாரையும் பிரித்துவைக்கவே ஓவியர்கள் முதலில் விலங்குப் பசையையும், அதன்மேல் வெண்பூச்சையும் தடவினார்கள்.

ஆகவே உங்கள் துண்டில் தாராளமாக வரையலாம். சட்டத்தில் இழுத்து அடித்து, அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்னும் வெண்பூச்சை இரண்டு மூன்று முறை தடவி, ஒவ்வொரு பூச்சும் நன்கு காய்ந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். அக்ரிலிக் வண்ணமானால் இந்தக் கவலை இல்லை. வெறும் துணியிலேயே வரையலாம்.