கொரோனா காலத்தில் கலை நிகழ்ச்சிகள் நடத்திய இடங்கள் திறந்தவெளி உணவகங்களாக எப்படி மாறின?

எனக்குத் தெரிந்தவற்றில் விரிவாகச் சொல்லத்தக்கது ஆம்ஸ்டர்டாமின் மீடியாமாட்டிக் கலை மையம். கண்காட்சிகளும் பயிலரங்குகளும் நடந்துவந்த அந்த மையம் நீர்க்கரையை ஒட்டி அமைந்துள்ளது. 2020 மார்ச் நடுவில் நெதர்லாந்தில் உணவகங்கள் மூடப்பட்ட பின், அந்தக் கரையோரத்தில் இருவர் அல்லது மூவர் மட்டும் அமரக்கூடிய சிறு கண்ணாடிக் குடில்களை வரிசையாக நிறுத்தி, மே மாதத்தில் ஊழியர்களின் உறவினர்களையும் நண்பர்களையும் அழைத்து வெள்ளோட்டம் பார்த்தார்கள்.

பரிமாறிய விதம்தான் சுவாரசியமானது. கையுறையும் முகத்தடுப்பும் அணிந்த பணியாளர் குடிலுக்குள் நுழையாமல், நீண்ட மரப்பலகையின் நுனியில் தட்டுகளை வைத்து வாசல் வழியாக உள்ளே நீட்டுவார். விருந்தினர் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். உணவு முழுவதும் சைவம்.

குளிர்காற்று வீசும் ஊரில் வெட்டவெளியில் மேசை போடுவதைவிட இது வசதியானது. ஒரு குழுவின் மூச்சுக்காற்று அடுத்த குழுவை எட்டுவதும் குறைகிறது. ஆனால், கதவை மூடிவிட்டால் குடிலும் ஓர் அடைத்த அறைதான் என்பதால், ஒரே வீட்டில் வசிப்பவர்கள் சேர்ந்து அமரும்போதுதான் இந்த ஏற்பாட்டுக்குப் பொருள் உண்டு. ஒரு குழு எழுந்து சென்றபின் காற்றோட்டம் விட்டுத் துடைக்காமல் அடுத்தவரை உட்கார வைப்பது பாதுகாப்பாகாது. நியூயார்க் நகரமும் அதே ஆண்டு, நாற்புறமும் மூடிய பந்தல்களைத் திறந்தவெளியாகக் கருதாமல், உள்ளரங்குக்கான விதிகளையே அவற்றுக்கும் பொருத்தியது.

வருமானத்தைப் பொறுத்தவரை, சில குடில்களைக் கொண்டு பெரிய கூடத்தின் இழப்பை ஈடுகட்ட முடியாது என்றே கருதுகிறேன். புல்வெளியோ முற்றமோ உள்ள கூடங்கள், இடைவெளி விட்டு மேசைகளைப் போட்டு, மேலே கூரை மட்டும் அமைத்துப் பக்கங்களைத் திறந்து விடுவதே செலவு குறைந்த வழி.