நாற்பதுக்கு மேல் புல்லாங்குழல்: கையைக் கடிக்காமல் கற்க ஒரு கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்து அன்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு, பெரியவர்களுக்குக் குழல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

சார், எனக்கு 46 வயது, மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சங்கீதம் படித்ததே இல்லை. ஆயிரம் ரூபாய்க்குள் ஆரம்பிக்க முடியுமா? (கடலூர் முதுநகர்)

தாராளமாக முடியும். ஆனால் ஆயிரத்தையும் குழலிலேயே போட்டுவிடாதீர்கள். சுருதி சரியாக இருக்கும் பயிற்சிக் குழல் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. பின்னணியில் சுருதி ஒலித்துக்கொண்டே இருக்கும் தம்புரா செயலி போனில் இலவசம். மிச்சப் பணத்தை ஆசிரியருக்கு வையுங்கள், மாதம் ஒரே ஒரு வகுப்பானாலும் சரி. உதட்டை எங்கே வைப்பது என்று வீடியோவில் பார்க்கலாம். நீங்கள் வைத்திருப்பது சரியா என்று பார்த்துச் சொல்ல எதிரே ஒரு ஆள் வேண்டும். தப்பாகப் பழகிவிட்ட உதட்டைத் திருத்துவது பெரும்பாடு.

வெள்ளிக் கடற்கரையில் கம்பில் செருகி விற்பவரிடம் ஒரு குழல் வாங்கினேன். ஸரிகம வரவே இல்லை. என் ஊதலில் கோளாறா, குழலிலா? (மஞ்சக்குப்பம்)

பெரும்பாலும் குழலில்தான். திருவிழாவிலும் கடற்கரையிலும் விற்பது குழந்தைகள் ஊதி மகிழ்வதற்கு. துளைகளைச் சுருதி பார்த்துப் போட்டிருக்க மாட்டார்கள். அதில் மாதக்கணக்கில் முயன்றுவிட்டு "எனக்கு ஞானம் இல்லை" என்று விட்டவர்கள் நிறைய பேர். எனக்கு அதுதான் வருத்தம்.

கர்நாடகக் குழலைச் சோதிக்க வழி சொல்கிறேன். ஊதும் துளை தவிர எட்டுத் துளை இருக்கும். இடது கையில் மூன்று, வலது கையில் நான்கு என்று ஏழை விரல்கள் மூடும், கடைசித் துளை திறந்தே இருக்கும். ஐந்து கட்டைக் குழல் (கட்டை என்பது சுருதியின் அளவு) என்றால் செயலியில் அதற்குரிய 'ஜி' (G) சுருதியை வைத்துத் தம்புராவை ஓடவிடுங்கள். இடது ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் முதல் இரண்டு துளைகளை மூடி மெதுவாக ஊதினால் ஸ. அது தம்புராவோடு கரைய வேண்டும். விரலை அசைக்காமல் காற்றை மட்டும் ஒடுக்கி, கொஞ்சம் வேகமாக ஊதினால் மேல் ஸ. அதுவும் கரைய வேண்டும். கீழ் ஸ சேர்ந்து மேல் ஸ விலகினால் அந்தக் குழல் வேண்டாம். உங்களுக்கு இன்னும் ஊத வராதே, அதனால் வாங்கும்போது தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஐந்து நிமிடம் ஊதினாலே தலை சுற்றுகிறது. பயமாக இருக்கிறது. (திருப்பாதிரிப்புலியூர், 52 வயது)

ஆரம்பத்தில் எல்லோருக்கும் வருவதுதான் அம்மா. சத்தம் வரவில்லை என்று மூச்சை மொத்தமாகத் தள்ளுகிறோம். பாதிக் காற்று துளைக்கு வெளியே வீணாகிறது. கீழுதடு ஊதும் துளையில் சுமார் மூன்றில் ஒரு பங்கை மறைக்கட்டும், உதட்டு இடைவெளி சிறியதாகட்டும். உள்ளங்கையை எதிரே வைத்து ஊதிப் பாருங்கள். காற்று ஒரே இடத்தில் மெல்லிய கோடாகப் பட வேண்டும், கை முழுக்கப் பரவக் கூடாது. சுற்றினால் உடனே நிறுத்தி உட்காருங்கள். இரத்த அழுத்தம், மூச்சுத் தொல்லை ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

நீளமான பான்சுரியின் ஆழ்ந்த நாதம் பிடித்திருக்கிறது. அதையே வாங்கலாமா? (லாஸ்பேட்டை)

குழல் மேதை பன்னாலால் கோஷ் பிரபலப்படுத்திய அந்த நீளக் குழல் இந்துஸ்தானி சங்கீதத்துக்கு உரியது. பெரும்பாலும் ஆறு துளை, அதில் ஸ மூன்று விரலில் வரும். விரல் முறையே வேறு. எந்தச் சங்கீதம், எந்த ஆசிரியர் என்று முதலில் முடிவு செய்யுங்கள், குழல் தானாக முடிவாகிவிடும். எதுவானாலும் முதல் குழல் நீளமாக வேண்டாம். விரல் எட்டாமல் துளையோரம் காற்று கசியும், நீங்கள் உதட்டைக் குறை சொல்வீர்கள். ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டை நல்ல தொடக்கம். கர்நாடகத்தில் ஆழ்ந்த நாதம் கேட்க வேண்டுமானால் குழல் மேதை மாலியையும் (டி. ஆர். மகாலிங்கம்) அவர் சீடர் என். ரமணியையும் தினமும் கேளுங்கள். காசில்லாத பாடம் அது.

எங்கே கற்கலாம்? (நெல்லிக்குப்பம்)

கடலூர் அரசு இசைப்பள்ளி இளைஞர்களுக்கானது, வயது வரம்பு உண்டு. புதுச்சேரிக்காரர்கள் அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் விசாரிக்கலாம். அங்கே படித்தவர்களில் வீட்டில் வகுப்பு எடுப்பவர்கள் இருப்பார்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத் துறை மாணவர்களையும் கேளுங்கள். உள்ளூரில் கச்சேரிக்குப் போய், முடிந்ததும் வித்வானிடமே பேசுவது இன்னும் நல்லது.

தினம் அரை மணிதான் கிடைக்கும். என்ன வாசிக்க? (முத்தியால்பேட்டை)

முதல் பத்து நிமிடம் ஒரே ஸ்வரம். தம்புராவோடு நீட்டிப் பிடியுங்கள், மூச்சு தீரும்வரை ஆடாமல். பாட்டு வாசிக்கத் துடிக்கும் மனதுக்கு இது சலிப்பாக இருக்கும், விடாதீர்கள். அப்புறம் ஸ்வரங்களின் முதல் பாடமான சரளி வரிசை. வழக்கமாக அதைக் கற்பிக்கும் மாயாமாளவகௌளை ராகத்தின் ரி-க்கு இடது நடுவிரலைப் பாதி திறக்க வேண்டும், புதுக் கைக்கு அது கஷ்டம். அதனால் நான் முதலில் ஹரிகாம்போதி ராக ஸ்வரங்களில் விரலைப் பழக்குகிறேன், குழலுக்கு அது இயல்பாக வரும். எல்லா ஆசிரியர்களும் இதை ஒப்ப மாட்டார்கள். உங்கள் ஆசிரியர் சொல்வதைக் கேளுங்கள்.

கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து பயிற்சி செய்ய ஆசை வரும். கடல் காற்று ஊதுதுளையின் குறுக்கே அடித்தால் தேர்ந்தவருக்கே நாதம் சிதறும். வீட்டுக்குள் வாசியுங்கள்.

குழல் விரிசல் விடாமல் இருக்க? (பாகூர்)

வெயிலிலும் மூடிய காருக்குள்ளும் வைக்காதீர்கள். வாசித்து முடித்ததும் உள்ளே துணி விட்டுத் துடைத்து, ஈரம் உலர்ந்த பிறகே உறையில் போடுங்கள். நம் கடலோரக் காற்றில் ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். அவ்வப்போது உள்பக்கம் லேசாகக் கடுகெண்ணெய் தடவினால் போதும். முடி போலக் கீறல் தெரிந்தால் அந்த இடத்தில் நூலை இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள், மேலும் ஓடாது.