ஃபிட்ஸ் பகல்ல வருது, டெஸ்ட் ஏன் ராத்திரில?

கேள்வி: என் தம்பிக்கு சின்ன வயசுலேர்ந்தே ஃபிட்ஸ் இருக்கு டாக்டர். மாத்திரை மாத்தி மாத்தி கொடுத்தும் நிக்கல, எம்.ஆர்.ஐ.லயும் ஒண்ணும் தெரியல. இப்போ அட்மிட் பண்ணி ராத்திரி பூரா வீடியோ இ.இ.ஜி எடுக்கணும், ஆபரேஷன் பண்ண முடியுமான்னு பார்க்கணும்னு சொல்றாங்க. அவனுக்கு வர்றது பகல்லதான். தூங்குறப்ப எடுத்து என்ன கண்டுபிடிக்கப் போறாங்க?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நல்லா கேட்டீங்கம்மா. ஃபிட்ஸ் வராத நேரத்துலயும் மூளையில அந்தக் கோளாறான இடம் சும்மா இருக்காது, அப்பப்போ ஒரு நொடிகூட நீடிக்காத மின்சாரத் தீப்பொறி ஒண்ணு கிளப்பிட்டே இருக்கும், மூளையோட மின் ஓட்டத்தைப் பதிவு பண்ற இ.இ.ஜி.ல அது கூரா ஒரு முள்ளு மாதிரி தெரியும், நாங்க ஸ்பைக்னு சொல்வோம். தூங்கினா இது கூடும், முக்கியமா ஆழ்ந்த தூக்கத்துல. அதனாலதான் தூங்க வச்சு எடுக்கறது.

ஆனா ஆபரேஷனுக்கு அது எங்கேர்ந்து கிளம்புதுன்னு தெரியணும், அதுல ஒரு சிக்கல் இருக்கு. ஆழ்ந்த தூக்கத்துல மூளை செல்லுங்க கூட்டம் கூட்டமா ஒரே தாளத்துல இயங்கும், தாலமஸ்னு உள்ள இருக்கற பகுதியும் மேல இருக்கற கார்டெக்ஸும் சேர்ந்து நடத்துற வேலை அது. பஜனையில எல்லாரும் சேர்ந்து பாட ஆரம்பிச்சப்புறம் முதல்ல எடுத்துக் கொடுத்தது யாருன்னு எப்படித் தெரியும்? ஸ்பைக் நிறைய வரும், ஆனா பக்கத்து இடத்துக்கும் பரவும், சிலருக்கு எதிர்ப்பக்க மூளையில கூட தெரியும்.

கனவு அதிகமா வர்ற ரெம் தூக்கம் இதுக்கு நேர் எதிர். அந்த நேரம் செல்லுங்க தன் தன் வேலையைப் பார்க்கும், ஸ்பைக் ரொம்பக் குறைஞ்சிடும், ஆனா வர்ற கொஞ்சமும் பரவாம அந்த இடத்தை ஒட்டியே நிக்கும். 1991-லயே கனடாவுல மான்ட்ரியல்ல டெம்போரல் லோப்ல, அதாவது காதுப் பக்கம் இருக்கற மூளைப் பகுதியில, வலிப்பு இருக்கறவங்களோட ஸ்பைக்குகளை முழிப்பு, ஆழ்ந்த தூக்கம், ரெம்னு பிரிச்சுப் பார்த்திருக்காங்க, இடத்தைக் காட்டுறதுல ரெம் ஸ்பைக்தான் நம்பகமா இருந்துச்சு. உங்க தம்பி மாதிரி ஸ்கேன்ல ஒண்ணும் தெரியாதவங்களுக்கு இந்தத் தகவல் தங்கம்னு நான் சொல்வேன்.

பெரியவங்களுக்கு ரெம் மொத்தத் தூக்கத்துல 20-25 சதவீதம்தான், தூங்கி ஏறக்குறைய 90 நிமிஷம் கழிச்சுத்தான் முதல் ரவுண்டே வரும், நீளமான ரவுண்டெல்லாம் விடியக்காலைலதான். அரை மணி நேர பகல் இ.இ.ஜி.ல அதைப் பிடிக்கவே முடியாது. புது இடத்துல முதல் ராத்திரி சரியா தூக்கம் வராது, ஃபிட்ஸ் வந்த ராத்திரியிலயும் ரெம் குறையும், அதனால இன்னொரு நாள் இருக்கச் சொன்னா பில்லை ஏத்தறாங்கன்னு நினைக்காதீங்க. கண் பக்கத்துலயும் தாடையிலயும் ஒயர் ஒட்டுறாங்களான்னு பாருங்க, எது ரெம்னு பிரிக்க அது வேணும். ரிப்போர்ட்ல தூக்க நிலை வாரியா ஸ்பைக் எழுதுவீங்களான்னு தாராளமா கேளுங்க.

இதை மட்டும் வச்சு யாரும் கத்தியை எடுக்க மாட்டாங்க. ஃபிட்ஸ் வர்றப்ப எடுத்த வீடியோ, பெட் (PET) ஸ்கேன், ஞாபகசக்தி டெஸ்ட், தேவைப்பட்டா மண்டைக்குள்ளயே எலக்ட்ரோடு, எல்லாம் ஒரே இடத்தைக் காட்டணும்.

அப்புறம், வீட்டுல மாத்திரையை நீங்களா நிறுத்தவே கூடாது, குறைக்கணும்னா வார்டுல அவங்க பார்த்துக் குறைப்பாங்க. தலைக்குக் குளிச்சிட்டு எண்ணெய் தடவாம கூட்டிட்டுப் போங்க, எண்ணெய் இருந்தா ஒயர் ஒட்டாது.