வெட்டுத் துணியில் போர்வை: தையல் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். இரண்டு கோணிப்பை நிறைய வெட்டுத் துணி சேர்ந்துவிட்டது. மார்கழிக் குளிருக்கு ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைக்கலாம் என்று இருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பாட்டியம்மா, "பொந்த (ஒட்டுத்துணிப் போர்வை) தைப்பதற்கு என்ன கணக்கு? கிடைத்ததை வைத்துத் தை" என்கிறார். எந்தத் துணியும் ஆகுமா?
– வாசகி, குப்பம்

பதில்: பாட்டியம்மா சொல்வது அவர் காலத்துக்குச் சரி. அன்று கிடைத்ததெல்லாம் பழைய பருத்திச் சேலையும் வேட்டியும்தான். பல நூறு முறை துவைத்து, சுருங்க வேண்டியது சுருங்கி, போக வேண்டிய சாயமும் போன பிறகே அவை பொந்தவுக்கு வந்து சேர்ந்தன. உங்கள் கோணியில் இருப்பவை தண்ணீரையே பார்க்காத புதுத் துணிகள். அவற்றில் டூ பை டூ என்னும் மெல்லிய பருத்தி ரவிக்கைத் துணியும் பட்டும் ஜார்ஜெட்டும் பாலியெஸ்டர் லைனிங்கும் கலந்து கிடக்கும் என்பதால், உங்களுக்குக் கணக்கு வேண்டியிருக்கிறது.

முதலில் கோணியைக் கொட்டி இனம் பிரியுங்கள். சந்தேகம் வரும் துணியில் இரண்டு இழையை உருவி, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும், பட்டு முடி கருகும் நாற்றம் அடிக்கும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகச் சுருளும். போர்வைக்குப் பருத்தியை மட்டும் எடுங்கள். பாலியெஸ்டரைப் பருத்தியோடு சேர்த்தால் பருத்திக்கு வேண்டிய சூட்டில் இஸ்திரிப் பெட்டி வைக்க முடியாது. வைக்காவிட்டால் மூட்டுகள் படியா. பட்டை வேறு வேலைக்கு எடுத்து வையுங்கள். பனியன், லெகிங்ஸ் போன்று இழுபடும் துணி ஒரு துண்டு கூட வேண்டாம். பருத்தியிலும் கனம் பாருங்கள்: மெல்லிய டூ பை டூவைத் தடித்த சட்டைத் துணியோடு மூட்டினால், துவைக்கத் துவைக்க மெல்லியது மூட்டோரத்தில் கிழியும்.

ரவிக்கை வெட்டில் மிஞ்சுவது பெரும்பாலும் கழுத்து வளைவும் கைக்குழி வளைவும் கிராஸ் (சாய்வாக வெட்டிய) துண்டுகளுமே என்பது உங்களுக்குத் தெரியும். இவற்றைச் சதுரமாக வெட்டப் புகுந்தால் பாதி குப்பைக்குப் போகும். வெட்டி எடுத்ததும் இழுபட்டுக் கோணும். ஆகவே பழைய வேட்டியைப் பத்து அங்குலச் சதுரங்களாக வெட்டி, அதன் நடுவில் ஒரு துண்டை வைத்து, அடுத்த துண்டை அதன் மேல் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி கவிழ்த்துத் தைத்து, திருப்பி அழுத்தித் தேய்த்து, இப்படியே ஓரம் வரை சுற்றிக்கொண்டு போங்கள். அடியில் இருக்கும் வேட்டித் துணி இழுபடாமல் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருப்பதைக் கடைசியில் சதுரத்துக்கு நறுக்கினால் போதும். பெரிய துண்டுகளைத் தனியே கட்டி வையுங்கள். அடுத்த பதிலில் அவற்றுக்கு வேலை இருக்கிறது.

(நம் 'கந்தை' என்ற சொல்லும், பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்துக் 'காந்தா'வும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. அங்கே அது கலைப் பொருளாகி நல்ல விலைக்கு விற்கிறது; நம்மிடம் வசவாகவே நின்றுவிட்டது.)

கேள்வி: ஒற்றைக் கட்டிலுக்கு எத்தனை சதுரம் வேண்டும்? உள்ளே என்ன வைப்பது?
– வாசகர், பலமநேர்

பதில்: 5 அடிக்கு 7½ அடி, அதாவது 60 அங்குலத்துக்கு 90 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பெரிய துண்டுகளை ஐந்தரை அங்குலச் சதுரமாக வெட்டி, நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால், தைத்த பின் ஐந்து அங்குலம் நிற்கும். வரிசைக்கு 12 வீதம் 18 வரிசை. மொத்தம் 216 சதுரம். எல்லாம் புதிதாக வாங்குவதாக இருந்தால் 36 அங்குலப் பன்னாவில் (துணி அகலத்தில்) ஏறத்தாழ 5 மீட்டர் ஆகும்.

கால் அங்குலத்தைக் கண் மதிப்புக்கு விடாதீர்கள். மெஷின் தட்டில் ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து ஒரு டேப் ஒட்டி, துணியின் ஓரத்தை அதைத் தொட்டவாறே ஓட்டுங்கள். சதுரத்துக்கு அரைக்கால் அங்குலம் பிசகினாலும், 12 சதுர வரிசையில் ஒன்றரை அங்குலம் வித்தியாசம் வந்து, அடுத்த வரிசையோடு மூலை சேராது. ஒரு வரிசையின் மூட்டுகளை வலப்புறமும் அடுத்ததன் மூட்டுகளை இடப்புறமும் மடித்துத் தேய்த்தால், வரிசைகளை இணைக்கும்போது மூலைகள் தாமே ஒன்றில் ஒன்று பொருந்தி நிற்கும்.

உள்ளே வைக்கப் பழைய பருத்திச் சேலையை விட நல்லது எனக்குத் தெரியவில்லை. 5½ மீட்டர்ச் சேலையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, பக்கவாட்டில் சேர்த்து மூட்டினால் இந்த அளவுக்கு ஓரத்தில் மிச்சத்தோடு ஒரு அடுக்கு கிடைக்கும். உங்கள் ஊர்க் குளிருக்கு இரண்டு சேலை, அதாவது இரண்டு அடுக்கு வைக்கலாம். அடித்துணி வேறு. எல்லாவற்றையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவி, கையகல இடைவெளியில் பெரிய தையலாக முன்தையல் போட்ட பிறகே நிலைத்த தையலைத் தொடங்க வேண்டும். இந்த ஒரு வேலையில் சோம்பல்பட்டவர்களின் போர்வையெல்லாம் அடிப்பக்கம் மடிப்பு விழுந்தே இருக்கும்.

கேள்வி: வீட்டில் இலவம்பஞ்சு இருக்கிறது. அதை நிரப்பலாமா?
– வாசகி, பள்ளிப்பட்டு

பதில்: வேண்டாம். அதன் இழை வழுவழுப்பானது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. ஒரு மூலையில் போய்த் திரளும், தையல் துளை வழியே வெளியேயும் வரும். தலையணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகளின் சீர்வரிசையில் இப்படி ஒரு போர்வை வைத்தால் சம்பந்தி வீட்டார் 'கந்தல்' என்பார்களோ?
– வாசகி, சித்தூர்

பதில்: மேல்பக்கத்துக்கு உடுத்திய துணியைச் சேர்க்காமல், உங்கள் வீட்டு விசேஷங்களுக்கு எடுத்த புதுத் துணிகளின் மிச்சத்தை மட்டும் கொண்டு தையுங்கள்; சொல்வதற்கு இடமிருக்காது. அதையும் மீறிச் சொன்னால், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் கறுப்பினப் பெண்கள், தேய்ந்த வேலை உடுப்புகளையும் வெட்டித் தைத்த போர்வைகளை அந்நாட்டு அஞ்சல் துறை 2006இல் தபால்தலைகளில் அச்சிட்டதைச் சொல்லுங்கள்.

கேள்வி: தறியில் மிஞ்சிய புதுத் துணியை மேலே வைத்து, பழைய வேட்டியை அடியில் கொடுத்துத் தைத்தேன். முதல் துவைப்பிலேயே சுருக்கம் விழுந்தது. சிவப்பு சாயம் வெள்ளையில் இறங்கிவிட்டது. எங்கே தவறினேன்?
– வாசகி, நகரி

பதில்: பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போடுவதை நெசவு ஊரான நகரிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கஞ்சி போனதும் புதுத் துணி சுருங்கியது. முன்பே சுருங்கியிருந்த வேட்டி அசையவில்லை. மேலும் தறித் துணியின் கரை, உடல் பகுதியை விட நெருக்கமான நெசவு. கரையை நறுக்காமல் சேர்த்திருந்தால் அது தனியே இழுக்கும். இனி வெட்டுவதற்கு முன்பே துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து அலசி, பிறகு சுடுநீரில் ஒரு முறை முக்கி உலர்த்துங்கள். பொடித் துண்டுகளைத் தலையணை உறையில் போட்டுக் கட்டி அலசினால் நூல் சிக்காது.

சாயத்துக்கு உப்புநீர் என்ற நம்பிக்கையைக் கைவிடுங்கள். துணிக்குச் சாயம் ஏற்றும்போது உப்பு துணை செய்யும். ஏறி முடிந்த சாயத்தை அது நிறுத்தாது. சிவப்பு, கருநீலத் துண்டுகளை நனைத்து வெள்ளைத் துணிமேல் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கறை பட்டால் மீண்டும் அலசுங்கள், மூன்றாம் முறையும் பட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

கையிலிருக்கும் போர்வையை இஸ்திரி போடாதீர்கள். சூடு பட்டால் இறங்கிய சாயம் இன்னும் கெட்டிப்படும். பெரிய அண்டாவில் நிறையத் தண்ணீரும் சோப்புத்தூளும் விட்டு ஊறவைத்து, நீர் தெளிவாக வரும் வரை மாற்றிக்கொண்டே இருங்கள். உலர்ந்த பின், மேலும் கீழும் சேர்த்த தையலை மட்டும் பிரித்து, வேட்டியை மேல்துணியின் இப்போதைய அளவுக்கு நறுக்கி, மறுபடி முன்தையல் போட்டுத் தையுங்கள். சதுரங்களின் மூட்டைப் பிரிக்கத் தேவையில்லை.